வேளச்சேரியில் பழைய ஃபிளாட் வாங்கியாச்சு, எதை எந்தத் தேதிக்குள் முடிக்கணும்?

மூன்றாம் மாடி

வணக்கம். போன மாதம்தான் வேளச்சேரியில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கிக் குடிவந்தோம். பத்திரப்பதிவு முடிந்தது, வீட்டுக்கடன் இருப்பதால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது, நகல் என் கையில். இதுவரை அம்பத்தூரில் வாடகை வீடு, அதனால் வரி, தண்ணீர் பில் எல்லாம் ஓனர் பாடு.

இங்கே வந்தால் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, "அக்டோபர் 31க்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி" என்று. சரி, கட்டிவிடலாம் என்றால் கீழ்வீட்டுக்காரர் "பெயரை மாற்றாமல் கட்டினால் பழைய ஓனர் கணக்கில்தான் போகும், முதலில் பெயரை மாற்று" என்கிறார். வீடு முடித்துக் கொடுத்த புரோக்கர், சொத்துவரி, மெட்ரோவாட்டர், ஈபி மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லி, எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். அந்தத் தொகையைக் கேட்டால் தள்ளுபடி மேல் இருந்த ஆசையே போய்விட்டது.

என் கேள்வி இதுதான். எதற்குக் கடைசித் தேதி உண்டு, எது ஆற அமரச் செய்யலாம்? எங்கே போக வேண்டும், எது ஆன்லைனில் முடியும்? வீட்டில் நான், மனைவி, அம்மா, 10 மாதப் பெண் குழந்தை. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு இரண்டும் அம்பத்தூர் முகவரியில் கிடக்கின்றன. குழந்தை பிறந்தது மனைவியின் ஊரான திருநெல்வேலியில், பிறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சு, அதில் பெயர் மட்டும் இன்னும் போடவில்லை, அது பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பழைய பில் கலெக்டர்

தம்பி, முதலில் கட்டிவிடுங்கள். சொத்துவரி ஆளின் பேரில் இல்லை, வீட்டின் பேரில். யார் கட்டினாலும் அந்த வரிவிதிப்பு எண்ணில்தான் வரவாகும். ரசீதில் பழைய ஓனர் பெயர் வரும், அவ்வளவுதான், பெயர் மாறிய பிறகு அடுத்த அரையாண்டு ரசீது உங்கள் பெயரில் வரும். கீழ்வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி, பெயரை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்காகக் கட்டாமல் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு. போதாததற்கு, பெயர் மாற்றத்துக்கு மனு போடும்போது வரி பாக்கியில்லாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கணக்கு இப்படி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். உங்கள் அரையாண்டு வரி 6,000 என்றால் 300 ரூபாய் மிச்சம். பெரிய பணம் இல்லை, ஆனால் இழுத்தடித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி ஏறும்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. பழைய ஓனர் பாக்கி வைத்திருக்கிறாரா என்று இன்றே பாருங்கள். பாக்கி வீட்டோடு வரும், விற்றவரோடு போகாது. மாநகராட்சி இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். எண் நான்கு துண்டாக இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று வார்டு, அடுத்த ஐந்து பில் எண், கடைசி மூன்று துணை எண். வேளச்சேரி அடையாறு மண்டலத்தில், அதாவது 13இல் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் எண்கள் அடுத்தடுத்து இருக்கும், ஒரு இலக்கம் தவறினால் பக்கத்து வீட்டு வரியைக் கட்டிவிடுவீர்கள், அதைத் திரும்ப வாங்குவது தனிக் கதை. பணம் கட்டும் முன் திரையில் வரும் பெயரும் கதவு எண்ணும் விற்றவருடையதுதானா என்று படியுங்கள்.

பணமாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம். ஆன்லைன், இல்லையென்றால் காசோலை.

மோட்டார் ரூம் சாவி

அசோசியேஷன் செயலாளராகப் பல வருடம் குப்பை கொட்டியவன், மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன்.

சென்னையில் புதிதாக வீடு வாங்குபவர்கள் பலருக்கும் சொத்துவரியும் தண்ணீர் வரியும் ஒன்று என்ற நினைப்பு. இல்லை. சொத்துவரி மாநகராட்சிக்கு, குடிநீர், கழிவுநீர் வரி சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு, அதாவது நாம் மெட்ரோவாட்டர் என்கிறோமே, அதற்கு. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு எண். ஒன்றில் பெயர் மாறினால் மற்றதில் தானாக மாறாது. அதுவும் மெட்ரோவாட்டரில் வரி வேறு, கட்டணம் வேறு. ஃபிளாட் என்றால் வரி வீட்டுக்கு வீடு தனியாக இருக்கும், கட்டணத்தைச் சில கட்டடங்களில் பராமரிப்புத் தொகையிலிருந்து அசோசியேஷனே கட்டும், சிலவற்றில் அவரவர் கட்டுவார்கள். இதை உங்கள் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மற்றவர் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஈபி எளிது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான தேதி என்று ஒன்று கிடையாது, உங்கள் கட்டடத்துக்கு என்று வந்தார்களோ அதுதான் கணக்கு. முதல் வேலையாக அந்த இணைப்பில் உங்கள் மொபைல் எண்ணைப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் பில் எஸ்எம்எஸ் எல்லாம் பழைய ஓனருக்கே போய்க்கொண்டிருக்கும், அவர் படித்துவிட்டு அழித்துவிடுவார், உங்களுக்கு ஃபியூஸ் பிடுங்க ஆள் வரும்போதுதான் தெரியும்.

வரிசை என்று கேட்டால்: முதலில் சொத்துவரியில் பெயர் மாற்றம். அந்தப் பெயரில் ஒரு ரசீது கையில் இருந்தால் மற்ற இரண்டு இடத்திலும் பேச்சு சுருக்கமாக முடியும். பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது, ஆதார் எல்லாவற்றையும் ஒரே தடவை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் செய்யப்போவதும் இதைத்தான்.

தாமிரபரணி தண்ணி

எல்லோரும் வரியிலேயே நிற்கிறீர்கள், அண்ணன் கடைசி வரியில் சொன்னதை யாரும் கவனிக்கவில்லையா? அந்த 300 ரூபாயை விடுங்க அண்ணே. குழந்தையின் பெயர்தான் அவசரம். பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. பிறந்த நாளிலிருந்து இல்லை, பதிவு செய்த நாளிலிருந்து. சான்றிதழில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் பதிவு தேதி இருக்கும், அதைப் பாருங்கள். 10 மாதக் குழந்தை என்றால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருக்கிறது, அது தாண்டினால் அலைச்சல்தான்.

இன்னொன்று, இதைச் சென்னையில் செய்ய முடியாது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, அங்கேதான் பெயர் சேர்ப்பும். ஆஸ்பத்திரி திருநெல்வேலி மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்த மாநகராட்சி, வெளியே இருந்தால் அந்தந்த இடத்துப் பதிவாளர், சான்றிதழில் பதிவாளர் யார் என்று அச்சாகி இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று அனுப்பிவைக்கும் நம்ம ஊர் வழக்கத்தில் பாதிச் சென்னைக் குழந்தைகளின் பதிவு மதுரையிலும் நெல்லையிலும் நாகர்கோவிலிலும்தான் இருக்கிறது, இங்கே அடையாறு அலுவலகத்தில் போய் நின்றால் எங்களிடம் பதிவே இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

பூவரசம் பீப்பி

தாமிரபரணி சொன்னது சரிதான், ஆனால் ரொம்பப் பயமுறுத்த வேண்டாம். 12 மாதம் தாண்டினால் கதவு மூடிவிடாது, பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பெயர் சேர்க்கலாம். பிறப்பையே பதிவு செய்யாமல் விட்டால்தான் சிக்கல். 21 நாளுக்குள் என்றால் இலவசம், 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை மேலதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் போய்விட்டால் ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், உத்தரவு வாங்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பதிவு ஆகிவிட்டது.

இருந்தாலும் பள்ளிக்கூடம் வரை தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் மாறியிருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். நம் காலத்தில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டைக் காட்டி ஓட்டியது போல அந்தப் பிள்ளைகளால் ஓட்ட முடியாது.

பெயர் விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டியது எழுத்துதான். ஒருமுறை ஏற்றிய பெயரை மனம் மாறி வேறு பெயராக மாற்ற இடம் கொடுக்க மாட்டார்கள், எழுத்துப்பிழை திருத்தம்தான் செய்வார்கள். அதனால் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, 'ழ'வுக்கு என்ன எழுத்து, இனிஷியல் முன்னாலா பின்னாலா, இல்லை அப்பா பெயர் முழுதாக வருகிறதா. அப்படியே அப்பா, அம்மா பெயர் உங்கள் ஆதாரில் இருப்பது போலவே சான்றிதழில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிரசவ மயக்கத்தில் யாரோ சொல்ல யாரோ எழுதியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டுச் சான்றிதழில் என் பெயரில் ஒரு 'h' இல்லாமல் போய், அது பாஸ்போர்ட் நேரத்தில்தான் தலைகாட்டியது.

மூன்றாம் மாடி

அனைவருக்கும் நன்றி. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், குழந்தை பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது, பதிவாளர் திருநெல்வேலி மாநகராட்சிதான். பதிவு தேதியைப் பார்த்தால் டிசம்பர் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. என் மாமனார் ஊரில்தான் இருக்கிறார், நாங்கள் போகாமல் அவர் மூலம் முடியுமா? பெயரில் 'ழ' இருக்கிறது, அது வேறு வீட்டில் இரண்டு கட்சியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தாமிரபரணி தண்ணி

பெயரைப் பெற்றோர் நேரில் சொல்லலாம், எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம், விதியிலேயே அப்படித்தான். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதம், சான்றிதழ், இருவரின் ஆதார் நகல் இவற்றை மாமாவிடம் கொடுத்து அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் அவர் ஒருநடை போய், யார் வந்தால் ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு வரட்டும், சில இடங்களில் பெற்றோரில் ஒருவர் வந்தால்தான் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். எப்படியும் தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள்தானே, அலுவலகம் திறந்திருக்கும் ஒரு நாளைச் சேர்த்து லீவு போட்டுவிடுங்கள். பெயர் ஏறிய பிறகு சான்றிதழை, பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சிஆர்எஸ்டிஎன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

'ழ'வுக்கு 'zh' போடுங்கள், கட்சியைக் கலைத்துவிடுங்கள்.

பூத் ஸ்லிப்

வாக்காளர் பட்டியலுக்கு வருகிறேன். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. படிவம் 6 முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். இதைத் தெரியாமல் வீடு மாறும்போதெல்லாம் படிவம் 6 போட்டு இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளம், அது சட்டப்படி கூடாது, கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வாக்காளர் சேவைத் தளத்தில் படிவம் 8ஐ நிரப்பினால் போதும், அம்பத்தூரில் தனியாக நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

இதற்குக் கடைசித் தேதி என்று பார்த்தால், 18 வயது ஆகிறவர்களுக்குத்தான் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்தில் நான்கு தகுதி நாள்கள். முகவரி மாற்றம் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் தேர்தல் அறிவித்து வேட்புமனு முடியும் நேரத்தில் பட்டியல் மூடிவிடும், அப்போது போய் ஓடினால் பலன் இல்லை. படிவம் போட்ட கையோடு உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டுக்கு வரும்போது ஆளில்லாமல் பூட்டியிருந்தால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு இருக்கிறது. அம்மா பகலில் வீட்டில் இருப்பார் என்றால் அவரிடம் சொல்லி வையுங்கள். சந்தேகத்துக்கு 1950.

ரேஷன் கார்டு முகவரி மாற்றம் டிஎன்பிடிஎஸ் என்ற பொது விநியோகத் திட்டத் தளத்தில் கொடுக்கலாம். சென்னையில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை உணவுப்பொருள் வழங்கல் மண்டல அலுவலகங்களில் குறைதீர் முகாம் நடக்கும், முகவரி மாற்றம், பெயர் சேர்த்தல் எல்லாவற்றுக்கும் அங்கே மனு கொடுக்கலாம். ஆன்லைனில் மாட்டிக்கொண்டு நிற்பவற்றுக்கு அதுதான் நல்ல வழி, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பார், என்ன குறை என்று வாயால் சொல்வார். குழந்தையின் பெயரையும் கார்டில் சேர்க்கத்தானே வேண்டும், அதற்குப் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், ஆக மறுபடியும் நெல்லைக்கே போய் நிற்கிறது.

நைட் ஷிஃப்ட்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். திருமணப் பதிவுக்கும் இப்படித் தேதி உண்டா? கல்யாணம் ஆகி இரண்டு மாதம் ஆகிறது, சான்றிதழ் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பூவரசம் பீப்பி

உண்டு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். உங்களுக்கு முதல் கெடுவே முடியவில்லை, போய்விட்டு வாருங்கள். கல்யாணப் பத்திரிகையை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதைக் கேட்பார்கள்.

மோட்டார் ரூம் சாவி

மூன்றாம் மாடிக்கு இன்னொன்று. வேளச்சேரி, அதுவும் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. வரிக்கு முன்னால் இந்த எண்களை வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள், முக்கியமாக அம்மா போனில்.

சாக்கடை மேன்ஹோல் பொங்கினால், குடிநீரில் கழிவு கலந்தால், அது மெட்ரோவாட்டர்: 044 4567 4567. தெருவில் மழைநீர் தேங்கினால், வடிகால் அடைத்திருந்தால், மரம் விழுந்தால், தெருவிளக்கு, குப்பை, கொசு என்றால் மாநகராட்சி: 1913. கம்பி அறுந்தால், பில்லர் பாக்ஸில் பொறி பறந்தால் ஈபியின் புகார் மையமான மின்னகம்: 94987 94987. கைமீறும் அளவு தண்ணீர் ஏறிவிட்டது என்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. தெருவில் நிற்கும் கறுப்புத் தண்ணீர் மழைநீரா சாக்கடையா என்று பார்த்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்று முடிவாகும், தப்பான இடத்தில் புகார் போட்டால் "எங்களுடையது இல்லை" என்று முடித்து வைத்துவிடுவார்கள். மூடி வட்டமாக இருந்து தெரு நடுவில் இருந்தால் பெரும்பாலும் மெட்ரோவாட்டர், சாலை ஓரத்தில் கான்கிரீட் பலகை போட்டு நீளமாகப் போவது மாநகராட்சி வடிகால்.

புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். நிலவரம் கேட்க அது ஒன்றுதான் பிடி.

பழைய பில் கலெக்டர்

புரோக்கர் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. நான் வேலையில் இருந்த காலத்தில் ஏஜென்ட்கள் கொண்டுவந்த மனுக்களையும் பார்த்திருக்கிறேன், பொதுமக்கள் நேரில் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் மனுவில் விசேஷம் ஒன்றும் இல்லை, எல்லாக் காகிதமும் இருக்கும், அவ்வளவுதான். வயதானவர், வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கொடுக்கட்டும், உங்களைப் போல கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்கு? ஆன்லைன் படியவில்லை என்றால் இ-சேவை மையம் இருக்கிறது.

மனு போட்டு ரொம்ப நாளாகப் பதில் இல்லை என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். மனு எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன தேதியில் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதில் வருமுன் வேலை முடிந்துவிடும், அந்தத் தாள் மேசைக்கு வந்தாலே கோப்பு நகரும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். முதல்வரின் உதவி மையம் 1100இலும் சொல்லலாம்.

மூன்றாம் மாடி

இன்று மாலை சொத்துவரி கட்டியாச்சு. நிலுவை பார்த்ததில் போன அரையாண்டு பாக்கி இருந்தது, விற்றவருக்குப் போன் போட்டேன், மறந்துவிட்டேன் என்று சொல்லி உடனே அனுப்பிவிட்டார். மெட்ரோவாட்டர் கணக்கைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். தீபாவளிக்கு நெல்லை டிக்கெட் ஏற்கெனவே இருக்கிறது, மறுநாளும் லீவு சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. விற்றவர் ஒரு பழைய சோபாவையும் இரண்டு மெத்தையையும் பால்கனியிலேயே விட்டுப் போயிருக்கிறார். குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார். இதற்கும் 1913தானா?

மோட்டார் ரூம் சாவி

ஆமாம், 1913தான், இல்லையென்றால் நம்ம சென்னை செயலி. சோபா, மெத்தை, பழைய துணி மாதிரியானவற்றை மாநகராட்சி சனிக்கிழமைகளில் இலவசமாக எடுக்கிறது, முன்கூட்டியே பதிய வேண்டும். கீழே இறக்கி கேட் பக்கம் வைப்பது உங்கள் வேலை. மெத்தையை லிஃப்டில் ஏற்றும் முன் வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள், போன தடவை ஒருவர் ஏற்றி லிஃப்ட் கதவு இரண்டு நாள் மூடவில்லை.